முதல் அல்பத்தை விற்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. வயது 29, கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். பகலில் அலுவலக வேலை, மாலையில் பாட்டு. ஆறு வருடத்தில் மூன்று அல்பம் வெளியிட்டிருக்கிறேன். வரிகளும் குரலும் என்னுடையவை. முதல் அல்பத்துக்கு மெட்டும் இசையும் என் பள்ளித் தோழன். அவர் இப்போது ரொறொன்ரோவில். போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு சிறிய கச்சேரி வைத்தோம். முடிந்ததும் வந்திருந்தவர்களிடம் துண்டுத் தாள் கொடுத்து மூன்று அல்பத்தையும் வரிசைப்படுத்தச் சொன்னோம். 64 தாள் திரும்பி வந்தது. முதல் அல்பம்தான் முதலாமிடம், எட்டு மாதத்துக்கு முன் வந்த மூன்றாவது கடைசி. ஆனால் காசு தருவது மூன்றாவது. முதலாவதிலிருந்து இரண்டு வருடமாக ஒரு சதமும் வரவில்லை. அதை இணையத்தில் ஏற்றியது தோழன்தான், தன் கணக்கில். கனடா போனதும் அவருடைய இங்கத்தைய வங்கி அட்டை காலாவதியாகிவிட்டது. ஒரு ரசிகர் முழு அல்பத்தையும் யூடியூபில் போட்டிருக்கிறார். இப்போது ஒரு நிறுவனம் அதை 5 லட்சம் ரூபாவுக்கு முழுதாகக் கேட்கிறது. 15 ஆம் திகதிக்குள் பதில் வேண்டுமாம். விற்று, அந்தக் காசில் நாலாவதைச் செய்யலாமா? ரசிகர் விரும்புவதைப் பாடுவதா, காசு வருவதைப் பாடுவதா? அந்தத் தாள்களின் வரிசையை எப்படி எடுப்பது? மூன்றாவதுக்கு இணையத்திலிருந்து 104 டொலர்தான் வந்தது, ஏன் இவ்வளவு சிறிது? கணக்கறிக்கைகள், கச்சேரிப் பட்டியல்கள், ஒப்பந்த நகல் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

பதில்: தங்கச்சி, 15 ஆம் திகதிக்குள் எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பியதையெல்லாம் அச்செடுத்து மேசையில் பரப்பி வைத்து இரண்டு இரவு பார்த்தேன். முதல் அல்பத்தின் அறிக்கை இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு மாதத்தோடு நின்றுவிடுகிறது. தேய்ந்து தேய்ந்து நிற்கவில்லை. அந்த மாதம்வரை ஒழுங்காக வந்து, அடுத்த மாதம் வெறும் தாள். கேட்பவர்கள் கைவிட்டால் கணக்கு இப்படி நிற்காது, மெல்ல மெல்லக் குறையும். ஒரேயடியாக நின்றால் அது வேறு கோளாறு. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. அந்த அல்பத்தைத் தோழன்தான் தன் கணக்கில், பாட்டுகளை இணையத் தளங்களுக்கு அனுப்பும், வருடாவருடம் கட்டணம் கட்டும் ஒரு விநியோக சேவை வழியாக ஏற்றியிருக்கிறார். கனடா போனதும் இங்கத்தைய வங்கி அட்டை காலாவதியானது. கட்டணம் போகவில்லை, பாட்டுகள் தளங்களிலிருந்து இறங்கிவிட்டன. அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

அப்படியென்றால் அந்த 64 பேரும் முதல் அல்பத்தை எங்கே கேட்கிறார்கள்? யூடியூபில் ஒரு ரசிகர் முழு அல்பத்தையும் 34 நிமிடக் காணொளியாகப் போட்டிருக்கிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நேற்றிரவு பார்த்தேன். 61,000 தடவை பார்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் மூன்று அல்பத்திலும் அதிகம் கேட்கப்பட்டது அதுதான். அந்தக் கேட்பு உங்களிடம் காசாக வந்து சேர ஒரு வாய்க்கால் இல்லை, அவ்வளவுதான். ரசிகருக்குப் பிடித்தது வேறு, காசு வருவது வேறு என்று நீங்கள் பிரித்துக் கேட்ட கேள்வி இந்த அறுந்த வாய்க்காலில் இருந்து பிறந்தது.

அந்த வாய்க்காலைச் சரிசெய்வதற்கு முன் ஒரு விஷயம் விளங்க வேண்டும். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு மற்றது. வீடும் வீட்டின் படமும் போல வெவ்வேறு. நம் ஊரிலேயே எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ‘மெனிகே மகே ஹித்தே’. 2021 இல் யொஹானி சதீஷனோடு பாடி உலகம் முழுவதும் போனது. ஆனால் பாட்டு அதற்கு முந்திய வருடமே சதீஷன் பாடி வந்தது. இசை சமத் சங்கீத், வரிகள் துலான் ஏ.ஆர்.எக்ஸ். முகம் யாருடையதாக இருந்தாலும், வரிக்கும் மெட்டுக்கும் உரியவர்களின் பங்கு தனியாக நிற்கும். உங்கள் முதல் அல்பத்தில் வரி உங்களுடையது, மெட்டு தோழனுடையது, குரல் உங்களுடையது, ஒலிப்பதிவுக்குக் காசு போட்டது இருவரும். இதில் எதுவுமே எழுத்தில் இல்லை. நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் ‘உரிமையாளர்’ என்ற இடத்தில் உங்கள் பெயர் மட்டும் இருக்கிறது. தோழனைக் கேட்காமல் அதில் கையெழுத்து வைத்தால், உங்களுடையதல்லாத ஒன்றையும் சேர்த்து விற்றவராவீர்கள். அது நட்புக்கும் நல்லதல்ல, வழக்கு என்று வந்தால் புதுக்கடை நீதிமன்றத்துக்கு நடக்கவேண்டியவரும் நீங்கள்தான்.

இனி மூன்றாவது அல்பத்தின் காசைப் பார்ப்போம். நீங்கள் அதை நல்ல வருமானம் என்கிறீர்கள். அறிக்கையில் இரண்டு பகுதி. ஒன்று, இணையத்தில் கேட்டதற்கான காசு: எட்டு மாதத்தில் எல்லாத் தளமும் சேர்த்து 104 டொலர். மற்றது, செட்டியார் தெரு நகைக்கடை ஒன்று அதிலுள்ள மணப்பெண் பாட்டை விளம்பரத்துக்கு எடுத்ததற்குத் தந்த ஒன்றரை லட்சம் ரூபா. டொலரை 300 ரூபாவாக வைத்தால் முதற்பகுதி 31,200 ரூபா. ஆக, நகைக்கடையின் அந்த ஒரு வரியை விரலால் மறைத்துவிட்டுப் பார்த்தால் அல்பத்திலிருந்து வந்தது அவ்வளவுதான். கடைக்காரர் நல்ல பாட்டைத்தான் எடுத்திருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எத்தனை வருடத்துக்கு, தொலைக்காட்சிக்கு மட்டுமா, பேஸ்புக்குக்கும் சேர்த்தா என்று ஒரு துண்டுக் கடிதமும் இல்லை. ஒன்றரை லட்சம் ஒரு வருடத்துக்கு என்றால் நல்ல விலை. என்றைக்கும் என்றால் மலிவு. அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலைத் தேடி எடுத்து வையுங்கள், வருடம் முடியும்போது அதை வைத்துக் கதைக்கலாம்.

104 டொலர் ஏன் இவ்வளவு சிறிது என்று கேட்டிருந்தீர்கள். இணையத்தில் பாட்டுக் கேட்கும் தளமான ஸ்பொட்டிஃபை இங்கே 2021 பெப்ரவரியில் வந்தது. ஒரு பாட்டை 30 விநாடி கேட்டால்தான் அது ஒரு தடவையாக எண்ணப்படும். ஒரு தடவைக்கு இத்தனை சதம் என்று நிரந்தர விலை கிடையாது. ஒரு நாட்டில் ஒரு மாதத்தில் சேரும் சந்தாவும் விளம்பரக் காசும் ஒரு குடத்தில் விழும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களுக்குப் போகும். அந்த நாட்டில் அந்த மாதம் கேட்கப்பட்ட எல்லாவற்றிலும் உங்கள் பாட்டு எத்தனை பங்கோ, குடத்தில் அத்தனை பங்கு உங்களுடையது. இலங்கையில் சந்தா குறைவு, குடமும் சிறிது. உங்கள் அறிக்கையில் ஏப்ரல் மாதத்தைப் பாருங்கள்: இலங்கையில் 2,140 தடவை, கனடாவில் 610 தடவை. இரண்டாவது வரியில்தான் காசு கூட. கனடாவில் உங்கள் பாட்டைக் கேட்கும் அந்தச் சில நூறு பேரின் அருமை இப்போது விளங்கும்.

இன்னொன்று, 2024 தொடக்கத்திலிருந்து ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு முந்திய 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் ஒலிப்பதிவுக்கான காசு கணக்கில் சேரும். உங்கள் மூன்றாவது அல்பத்தின் எட்டுப் பாட்டில் மூன்றுதான் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கின்றன. மற்ற ஐந்துக்கும் அங்கே விழுந்தது பூச்சியம். அறிக்கையில் பிழை ஏதும் இல்லை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். பார்வை எண்ணிக்கை காசாகும் என்று நம் பிள்ளைகள் முழுதாக நம்புகிறார்கள். ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021 இல் வந்து எத்தனை கோடி தடவை பார்க்கப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அதிலிருந்து தங்களுக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட தரப்பு வேறு விளக்கம் சொன்னது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. கேட்பவனுக்கும் பாடுபவனுக்கும் நடுவில் எத்தனை கை இருக்கிறது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் இணைத்தும் கணக்கில் எடுக்காமல் விட்ட கச்சேரிப் பட்டியல்களுக்கு வருகிறேன். கடந்த 12 மாதத்தில் 12 நிகழ்ச்சி. வாத்தியக்காரர், ஒலியமைப்பு, வான் கூலி எல்லாம் போக உங்கள் கைக்கு வந்தது 5,40,000 ரூபா. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் என்ன பாடினீர்கள் என்று கையால் எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பழக்கத்துக்கு உங்களைக் கட்டிப்பிடிக்கத் தோன்றுகிறது, நான் கணக்கு எழுதிக் கொடுக்கும் இசைக்காரர்களில் இரண்டு பேர்கூட அதைச் செய்வதில்லை. பட்டியல்களை எண்ணினேன். சராசரி ஒன்பது பாட்டு. அதில் ஐந்து முதல் அல்பம், மூன்று இரண்டாவது, ஒன்று மூன்றாவது. கச்சேரிக் காசை அந்த விகிதத்தில் பிரித்தால் முதல் அல்பத்துக்கு 3,00,000, இரண்டாவதுக்கு 1,80,000, மூன்றாவதுக்கு 60,000. இணையக் காசையும் நகைக்கடையையும் சேர்த்தாலும் மூன்றாவது 2,41,200 தான்.

உங்களுக்கு அதிகம் சம்பாதித்துத் தருவது முதல் அல்பம், தங்கச்சி. ஆட்கள் துண்டுத் தாளில் முதலாமிடம் கொடுத்ததும் அதற்குத்தான், உங்களைக் கூப்பிட்டுக் காசு தருவதும் அதற்குத்தான். கச்சேரி வருமானத்தை ‘பாடின கூலி’ என்று தனியாகவும், அல்பத்தின் வருமானத்தைத் தளங்களின் அறிக்கையில் மட்டுமாகவும் பார்த்ததால் இது உங்கள் கண்ணில் படவில்லை.

இந்த வெளிச்சத்தில் ஒப்பந்தத்தை வாசியுங்கள். நாலாவது பந்தியில் ‘இப்போதுள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா ஊடகங்களிலும், உலகெங்கும், நிரந்தரமாக, பொது நிகழ்த்துகை உரிமை உட்பட’ என்று இருக்கிறது. பொது நிகழ்த்துகை என்றால் மேடையில் பாடுவது. இதில் கையொப்பம் வைத்த பிறகு உங்கள் பாட்டை நீங்கள் மேடையில் பாட அவர்களுடைய அனுமதி வேண்டும். வருடம் 3 லட்சம் தருகிற மாட்டை 5 லட்சத்துக்குக் கேட்கிறார்கள், கறக்கவும் விடமாட்டார்கள்.

‘நிரந்தரமாக’ என்ற சொல்லையும் எண்ணாக்கிப் பார்த்தேன். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுளும் அதற்கு மேல் 70 வருடமும் உரிமை நிற்கும். நீங்கள் 80 வயதுவரை இருந்தால் இன்னும் 51, அதோடு 70, மொத்தம் 121 வருடம். 5 லட்சத்தை அத்தனை வருடத்துக்கும் பிரித்தால் மாதத்துக்கு 344 ரூபா. உங்கள் பேரப்பிள்ளைகளின் பங்கும் அந்த 344 க்குள்தான்.

இதே மேசையில் ஒரு தம்பி உட்கார்ந்து அழுதிருக்கிறார். நாற்பதாயிரம் ரூபாவுக்கு ஒரு பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து அது கல்யாண வீடுகளில் எல்லாம் ஒலித்தது. என்னிடம் வந்தபோது தாளில் அவருடைய கையெழுத்து இருந்தது. நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நிறுவனத்தை விரட்டவும் வேண்டாம். கேட்டு வந்திருக்கிறார்கள் என்பதே நல்ல செய்தி. உரிமையை விற்காமல் உரிமத்தை, அதாவது குறித்த காலத்துக்குப் பாவிக்கும் அனுமதியை, கொடுக்கலாம்: ஒலிப்பதிவை மட்டும், மூன்று வருடத்துக்கு, முற்பணமும் வருமானத்தில் பங்கும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு. வரியும் மெட்டும் மேடையும் உங்களிடமே. அதோடு ஏழாவது பந்தியில் ‘இதே பாடல்களை மீண்டும் பதிவு செய்யக்கூடாது’ என்று இருப்பதை வெட்டச் சொல்லுங்கள். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் முதல் ஆறு அல்பத்தின் ஒலிப்பதிவுகள் 2019 இல் அவருடைய கையை மீறி விலைபோயின. பாட்டை எழுதிய உரிமை அவரிடம் இருந்ததால் 2021 முதல் அதில் நான்கைப் புதிதாகப் பாடி வெளியிட முடிந்தது. ரசிகர்கள் புதியதைத் தேடிக் கேட்டார்கள். 2025 இல் பழைய ஒலிப்பதிவுகளையும் அவர் விலைகொடுத்து மீட்டார். அவரிடம் பணம் இருந்தது, நம்மிடம் இல்லை. ஆனால் மீண்டும் பாடும் உரிமையை விடாமல் வைத்திருக்கக் காசு தேவையில்லை.

வரிசையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எனக்குப் பிடித்த விஷயம் இது. எங்கள் வீட்டில் அப்பா கசெற்றுகளை அடுக்கும் ஒழுங்கே ஒரு வரிசைதான். வெள்ளவத்தையில் ரெக்கோடிங் பார் இருந்த காலம். பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் 60 நிமிடமோ 90 நிமிடமோ பதிந்து தருவார்கள். ஏ பக்கத்தின் முதல் பாட்டு எது என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டையே நடக்கும். அதனால் அந்த 64 தாளையும் நான் இலேசாக எடுக்கவில்லை. ஒருவர் கச்சேரி முடிந்து பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல் நின்று எழுதித் தந்திருக்கிறார்.

ஆனால் அந்தத் தாள் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். முதல் அல்பத்தோடு அவர்கள் ஆறு வருடம் வாழ்ந்திருக்கிறார்கள். பரீட்சை, காதல், பயணம் எல்லாம் அதற்குள் போயிருக்கிறது. மூன்றாவதோடு எட்டு மாதம். ரோலிங் ஸ்டோன் சஞ்சிகை 2003 இல் போட்ட 500 அல்ப வரிசையில் பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ முதலாமிடம். 2020 இல் புதிதாக வாக்கெடுத்தபோது அதே அல்பம் 24 ஆம் இடம், முதலாமிடத்துக்கு மார்வின் கேயின் ‘வட்ஸ் கோயிங் ஒன்’ வந்தது. அல்பத்தில் ஒரு சுரமும் மாறவில்லை. வாக்களித்த ஆட்களும் காலமும் மாறின. நம் கொழும்பிலிருந்தே ரேடியோ சிலோன் 1952 முதல் ‘பினாக்கா கீத்மாலா’ என்ற இந்திப் பாட்டு வரிசை நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. அறிவிப்பாளர் அமீன் சயானியின் குரலைக் கேட்க இந்தியா முழுவதும் காத்திருந்த நிகழ்ச்சி. பாட்டுகளை வரிசைப்படுத்த அவர்கள் இசைத்தட்டு விற்பனையையும் பார்த்தார்கள், நேயர்களின் விருப்பத்தையும் பார்த்தார்கள். நீங்களும் அப்படித்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். மூன்றாவது அல்பத்தைப் பற்றி இரண்டு வருடம் கழித்து மறுபடி தாள் கொடுங்கள். இப்போதைக்கு அதில் எனக்குக் கேட்கும் ஒரே குறை, எட்டுப் பாட்டில் ஐந்து யாருக்காகவோ பாடியது போல இருக்கிறது. மணப்பெண் பாட்டு அப்படியில்லை. இது கணக்காளர் சொல்வதல்ல, கேட்டவள் சொல்வது.

செய்யவேண்டியதில் முதல் வேலை தோழனோடு கதைப்பது. ஒவ்வொரு பாட்டுக்கும் வரி யார், மெட்டு யார், ஒலிப்பதிவில் யாருக்கு எத்தனை வீதம் என்று ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பம் இடுங்கள். நம் சட்டத்தில் பதிப்புரிமையைப் பதிவு செய்யவேண்டியதில்லை, படைத்தவுடனேயே வந்துவிடும். ஆனால் பங்கை நிரூபிக்க எழுத்து வேண்டும். பிறகு அவருடைய பழைய கணக்கிலிருந்து ஒவ்வொரு பாட்டின் ஐ.எஸ்.ஆர்.சி. இலக்கத்தையும் வாங்குங்கள். அது ஒலிப்பதிவின் அடையாள அட்டை இலக்கம் மாதிரி, 12 எழுத்தும் எண்ணும். உங்கள் பெயரில் கணக்குத் திறந்து, அதே இலக்கத்தோடு அதே ஒலிப்பதிவை ஏற்றினால், பழைய கேட்பு எண்ணிக்கை திரும்பச் சேர வாய்ப்புண்டு. புது இலக்கம் போட்டால் பூச்சியத்தில் இருந்து தொடங்குவீர்கள்.

அந்த ரசிகரின் 34 நிமிடக் காணொளியை இறக்கச் சொல்லாதீர்கள். பாட்டுகள் தளங்களில் இல்லாத இரண்டு வருடமும் அல்பத்தை உயிரோடு வைத்திருந்தவர் அவர். புதிதாக ஏற்றும்போது, ஒலிப்பதிவை அடையாளம் காணும் யூடியூபின் கொன்டென்ட் ஐடி சேவையையும் சேர்த்தால் அந்தக் காணொளியில் வரும் விளம்பரக் காசு உங்கள் பக்கம் திரும்பும், காணொளியும் அங்கேயே இருக்கும். அவருக்கு முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பி நன்றி சொல்லிவிடுங்கள். ஒரு கவனம்: தோழன் எங்காவது வாங்கிய ஆயத்தத் தாளத் துண்டுகளைப் பாவித்திருந்தால் அந்தப் பாட்டுக்கு இந்தச் சேவை சரிவராது. அதே துண்டை வேறு நூறு பேரும் வாங்கியிருப்பார்கள். எந்தெந்தப் பாட்டு என்று அவரிடமே கேளுங்கள்.

வருமான வரி விஷயம் சுருக்கமாக: 2025 ஏப்ரலில் இருந்து தனிநபருக்கு வருடத்துக்கு 18 லட்சம் ரூபா வரை வரிவிலக்கு. அலுவலகச் சம்பளம், கச்சேரி, டொலர் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். யூடியூப் கணக்கில் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறீர்கள், அதை இந்த வாரமே நிரப்புங்கள். விட்டால் உங்கள் மொத்த யூடியூப் வருமானத்திலும் 24 வீதம் வரை பிடிப்பார்கள்.

நிறுவனத்துக்கு இன்றைக்கே இரண்டு வரி எழுதலாம்: ‘இந்த அல்பத்தில் இன்னொருவருக்கும் உரிமை உண்டு. அவரோடு கதைத்துவிட்டு, மூன்று வருட உரிமத்துக்கான எங்கள் யோசனையை அனுப்புகிறோம்.’ திகதியை நீட்ட மறுத்தால் மறுக்கட்டும். அவர்கள் மாற்றி அனுப்பும் நகலை ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் கையொப்பம் வேண்டாம்.

தோழனுக்கு வட்ஸ்அப்பில் எழுதாமல் அழைத்தே கதையுங்கள். அங்கே இப்போது கோடை. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு இங்கிருந்து எடுத்தால் ரொறொன்ரோவில் காலை பதினொன்றரை, ஆள் வீட்டில் இருப்பார். காசில் தொடங்காதீர்கள். கச்சேரிக்கு வந்த 64 பேர் என்ன எழுதினார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், அது அவருடைய மெட்டுக்கும் சேர்த்து விழுந்த வாக்கு.